விடு பிழை

வெள்ளிக்கிழமைக்குள் பாரம் வேண்டுமாம்.
புவான் ரோஸ்மாவத்தி மூன்றாம் முறை நினைவூட்டிவிட்டார்.
கற்பிக்கும் பாடங்கள், ஆய்வு ஆர்வங்கள்,
நூற்றைம்பது சொல்லுக்கு மிகாமல்.

கற்பிப்பவை:
முதலாண்டுக்கு நிதிக் கணக்கியல், மூன்றாமாண்டுக்குத் தணிக்கை.
காலை எட்டு மணி, மிண்டன் மேட்டில்
மழை வலுத்தால் திரை நீலமாகிவிடும் ஓர் அறை.
வாய் ஆங்கிலத்தில் சொல்லும்.
உள்ளே தமிழில் ஓடும்:
வாங்கியவர் பேரில் பற்று, கொடுத்தவர் பேரில் வரவு.
பற்று என்னும் சொல்லில் இருக்கும் பிசின்
டெபிட்டில் இல்லை.
அதைப் பிள்ளைகளிடம் சொன்னதில்லை.
தேர்வில் வராது.

ஏழாவது வாரம் பிழைகள்.
இருப்பாய்வில் இரு பக்கமும் ஒத்துவந்ததும்
பேனாவை மூடிவிடுவார்கள்.
மூடாதீர்கள் என்பேன்.
ஒரு தப்பை இன்னொரு தப்பு ஈடுகட்டியிருக்கலாம்.
எழுதியதில் பிழை என்றால் என்றைக்காவது தட்டுப்படும்.
எழுதாமலே விட்டதை
எந்தக் கூட்டலும் காட்டிக்கொடுக்காது.

ஆய்வு ஆர்வம்:
தணிக்கையில் 'பொருட்டு' எனப்படும் வரம்பு.
எவ்வளவு தொகைக்குக் கீழே போனால்
ஒரு தவறு ஒரு பொருட்டே இல்லை என்பது.
இதுவரை எட்டுக் கட்டுரைகள்,
கொரியாவில் ஒன்றுக்குப் பரிசு, கண்ணாடியில் ஒரு கோபுரம்,
அலமாரிமேல் தூசு தட்டாமல் நிற்கிறது.

எப்படி வந்தது இந்த ஆர்வம் என்று
பாரத்தில் கட்டம் இல்லை.

நாணயம் விழுந்த வருடம்.
காசைத்தான் சொல்கிறேன்.
எனக்கு இருபத்து நான்கு வயது, கையில் பச்சைப் பென்சில்,
காலை பெர்ரியில் அக்கரை போய்
பிறையில் ஒரு பிளாஸ்டிக் வாளித் தொழிற்சாலை.
சரிபார்த்த எண்ணுக்கெல்லாம் ஒரு டிக்.
சம்பளப் பேரேட்டில் சேமநிதிக்கென்று பிடித்திருந்தது,
தலைக்கு நாற்பத்தொரு வெள்ளி, இருபத்து மூன்று பேர்.
அஞ்சலாய். ரொக்கியம்மா. சல்பியா. தான் ஆ மோய்.
கட்டிய ரசீதைக் கேட்டேன்.
பன்னிரண்டு மாதத்துக்கும் இல்லை.

மேலாளர் கூ பெங் செங் கால்குலேட்டரைத் தட்டினார்.
மாதம் 943. வருடத்துக்குப் பதினோராயிரத்து முன்னூற்றுப் பதினாறு.
நமது வரம்பு பதினைந்தாயிரம், பாப்பா.
நல்ல மனிதர். அன்று மதியம்
மீன்தலைக் கறிக்கு அவர்தான் காசு கொடுத்தார்.
நான் சாப்பிட்டேன்.
என் பணித்தாளில் அந்தப் பக்கம் கிடையாது.
ஐந்தொகை ஒரு சென் பிசகாமல் நின்றது.
கீழே கையொப்பம், நிறுவனத்தின் முத்திரை.

திரும்பும் பெர்ரியில்
வாளித் தொழிற்சாலைப் பெண்கள் நாலைந்து பேர்
எதிர் பெஞ்சில் கச்சான் உரித்துக்கொண்டிருந்தார்கள்.
ஒருத்தி எனக்கும் நீட்டினாள்.
பற்று வைக்க அவள் பெயர் தெரியவில்லை.

அதன்பிறகு தேர்வுத்தாள் எப்போது எழுதினாலும்
எங்காவது ஒரு 943 வந்து உட்கார்ந்துவிடும்.
இயந்திரப் பராமரிப்பு 943.
கொடுபட வேண்டிய வாடகை 943.
பழைய தாள்களை வாங்கிப் பயிலும் பிள்ளைகள்
யாரும் கவனித்ததில்லை, போன வாரம்வரை.

நூருல் ஹிடாயா, கடைசி வரிசை,
ஐந்து வருடத் தாள்களைப் பரப்பிவைத்துக்கொண்டு
ஏன் டாக்டர் எப்போதும் இதே எண் என்றாள்.
சும்மா வசதிக்கு, என்றேன்.
இருபத்து மூன்றால் வகுபடும்.
வசதிக்கு யாராவது இருபத்து மூன்றை எடுப்பார்களா?
அவள் சிரிக்கவில்லை. பொத்தான்களை அழுத்தினாள்.
நாற்பத்தொன்று, டாக்டர்.
ஆமாம்.
மிச்சம் இல்லை.
அப்படித்தான் காட்டும், என்றேன்.
அவள் தாள்களை அடுக்காமல்
என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாரம் நிரம்பிவிட்டது. நூற்று நாற்பத்தெட்டுச் சொல்.
இன்னும் இரண்டுக்கு இடமிருக்கிறது.
அஞ்சலாய், ரொக்கியம்மா என்று தட்டிப் பார்க்கிறேன்.
எண்ணிக்கை சரியாக வருகிறது.
திரையில் சொடுக்கி துடித்துக்கொண்டிருக்கிறது,
புவான் ரோஸ்மாவத்தி கதவைத் தட்டுகிறார்.